உப்புக்கள்ளி

அந்தப் பெயரை நான் வைக்கவில்லை. ஊர் வைத்தது. ஆனால் அது அந்த மனுசியில் ஒட்டிப்பிடிக்கும்வரை வாயைப் பொத்திக்கொண்டு நின்றவள் நான். இதை எழுதி முடித்தால் மனம் ஆறும் என்று யாரும் எனக்குப் புத்தி சொல்ல வரவேண்டாம். ஆறாது. ஆறவும் கூடாது.

அறுபதுகளின் தொடக்கத்தில் நானும் கணவரும் கைக்குழந்தையான மகளோடு யாழ்ப்பாணத்திலிருந்து வன்னியில் ஒட்டுசுட்டான் பக்கத்துக் குடியேற்றத் திட்டம் ஒன்றுக்கு வந்தோம். குளத்தின் கீழ் மூன்று ஏக்கர் வயல், வீடு கட்ட ஒரு மேட்டுக்காணி. காணி எழுத்தில் எங்களுடையதாக இன்னும் ஆகவில்லை. ஏதாவது முறைப்பாடு போனால் பறித்துவிடுவார்கள் என்ற பயத்தோடுதான் எல்லோரும் கமம் செய்தோம்.

வயலின் தெற்கு எல்லையில் காட்டுத் தடிகளால் அடைத்த அலம்பல் வேலி. அதற்கு அப்பால் பழைய ஊர். அந்த ஊரின் முதல் கொட்டிலில் இருந்தவரை நான் அக்கா என்று கூப்பிடுவேன். என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவர். புருசன் இல்லை. ஒரே மகள் பிள்ளைப்பேற்றில் செத்துப்போக, அந்தப் பேரப்பிள்ளையை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு சீவித்தார். மருமகன் மரம் தறிக்கக் காட்டுக்குள் போனால் மாதக்கணக்கில் திரும்பமாட்டான். அக்காவிடம் இருந்தது ஒரு சிவலைப் பசுவும் அதன் கன்றும், எங்கள் வயலில் புல்லுப் பிடுங்கும் வேலையும்.

அந்தப் பிள்ளை உயிரோடு இருந்தது பசுவின் பாலால்தான். மருமகனின் தமக்கை ஓமந்தையில் இருந்தாள். அவளுக்குப் பிள்ளை இல்லை. செத்தவீட்டில் வைத்தே சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள், பிள்ளைக்குப் பால் இல்லையென்று ஒரு சொல் என் காதில் விழுந்தாலும் வந்து தூக்கிக்கொண்டு போய்விடுவேன் என்று. அக்கா இதை எனக்கு எத்தனையோ தரம் சொல்லியிருக்கிறார். "மாடு நிண்டால்தான் தங்கச்சி பிள்ளை என்னட்டை நிக்கும்" என்பார். எல்லாம் தெரிந்துதான் நான் செய்தேன்.

அந்த மாட்டைக் கண்டாலே எனக்குப் பத்திக்கொண்டு வரும். அதற்குக் காரணம் வயலுக்குப் போடும் பசளை.

யாழ்ப்பாணத்தில் நாங்கள் மண்ணுக்குள் இலைக்குழை தாழ்த்திப் பழகியவர்கள். வன்னிக் காட்டில் வெட்டிய குழை வண்டி வண்டியாக எங்கள் ஊருக்கு வரும். வன்னிச் சனத்துக்கு அந்தப் பாடு இல்லை. அறுவடை முடிந்ததும் மாடு வைத்திருப்பவனைக் கூப்பிட்டு, அவனுடைய மாடுகளை வயலுக்குள்ளேயே பட்டி அடைப்பார்கள். சாணமும் சலமும் விழுந்து மண்ணில் ஊறும். அடுத்த போகத்துக்கு அது போதும். வந்த முதல் இரண்டு வருடம் நாங்களும் அப்படித்தான் செய்தோம், அக்காவின் சிவலையும் எங்கள் வயலில் அடைபட்டுக் கிடந்ததுதான்.

பிறகு விவசாய ஓவசியர் சாக்குகளைக் கொண்டுவந்தார். முதலில் அமோனியா, பார்வைக்குச் சீனி மாதிரி. அதன் பிறகு யூரியா, சவ்வரிசி மாதிரி வெள்ளை மணிகள். பழைய ஊர்ச்சனம் எதற்கும் வேறு வேறு பெயர் சொல்லி மினக்கெடவில்லை. எல்லாம் அவர்களுக்கு உப்புத்தான். வயலுக்குப் போடுகிற உப்பு.

என் கணவர் அந்த வருடமே பட்டி அடைப்பதை நிறுத்தினார். "மாட்டுச் சாணியை நம்பிக் கமம் செய்யிற காலம் போட்டுது" என்றார். ஓவசியர் சொன்ன அளவில் ஒன்றரை மடங்கு எறிந்தார். ஒரு கிழமையில் பயிர் கறுத்தது. பச்சை என்று அதைச் சொல்ல முடியாது, கறுப்புத்தான். வயல் கழிவுத்தண்ணீர் போய் விழும் மோட்டையில், அந்தச் சின்னக் குட்டையில், பாசி தடித்து, மீன்கள் வயிற்றைக் காட்டி மிதந்தன. பழைய ஊர்ப் பெண்கள் அதில்தான் உடுப்புத் தோய்ப்பார்கள். அவர்கள் வந்து சொன்னபோது, "மீனுக்கும் கொழுப்புக் கூடிப்போச்சு" என்று கணவர் பகிடி விட்டார். நானும் சேர்ந்து சிரித்தேன்.

அது சிறுபோகம், கோடை வெள்ளாண்மை. சோளகக் காற்று அள்ளி அடித்துக் காடெல்லாம் காய்ந்து கிடந்தது. மாடுகள் விலா எலும்பு தெரிய அலைந்தன. எங்கள் வேலி நல்ல இறுக்கம். ஆகவே அக்காவின் சிவலை வாய்க்கால் கரையால் சுற்றிப்போய், மூன்று பேரின் வயலை வாய் வைக்காமல் தாண்டி, எங்கள் வயலுக்குள் இறங்கும். எங்கே கறுப்பு இருக்கிறதோ அங்கேதான் சாறு இருக்கும் என்று அந்த வாயில்லாச் சீவனுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. நான்கு தரம் வந்தது. நான்காம் தரம் நடுவயலில் ஒரு வீட்டு முற்றத்தளவு இடத்தை மொட்டையடித்துவிட்டுப் போயிருந்தது. கணவர் வேலியடியில் நின்று, அந்த வாய்க்கால்கரைச் சனம் முழுக்கக் கேட்க, "இன்னொருக்கால் இஞ்சை கால் வைச்சுதெண்டால் இதைச் சாக்காட்டிப்போட்டுத்தான் எனக்கு மற்ற வேலை" என்று கத்தினார்.

அக்கா அன்று மாட்டைக் கட்டிப்போட்டார். கட்டிப்போட்டால் அதற்குத் தின்னக் கொடுக்க எதுவுமில்லை. பால் குறைந்தது. ஒரு நேரத்துக்கு இரண்டு தகரப்பேணி கறந்த மாடு அரைப் பேணிக்கு வந்தது. தீனி இல்லாமல் பால் வற்றுகிறது என்பதை அக்கா ஒப்புக்கொள்ளவில்லை. மாட்டுக்குச் சூடு ஏறிவிட்டது என்றார். கற்றாழைச் சோற்றைக் கழுவி வைத்தார், வெந்தயத்தை ஊறப்போட்டு வைத்தார். யார் எதைக் குளிர்ச்சி என்று சொன்னாலும் அதைத் தேடிக் கொண்டுவந்து வைத்தார்.

ஒரு கிழமை கழித்து அவர் எங்கள் வயலில் புல்லுப் பிடுங்க வந்திருந்தார். காலையில் நான் வரம்பில் குந்தியிருந்து யூரியாச் சாக்கின் அடியில் கட்டிபட்டுக் கிடந்ததை வாளிக்குள் கொட்டி, தண்ணீர் விட்டுக் கரைத்துக்கொண்டிருந்தேன், வாழைக்கு ஊற்றலாம் என்று. கை கழுவ வந்த அக்கா தெரியாமல் அந்த வாளிக்குள் கையை விட்டார். விட்டவர் எடுக்கவில்லை.

"என்ன தங்கச்சி, இப்பிடிக் குளிருது? இது எந்தக் கிணத்துத் தண்ணி?"

"எங்கட கிணத்துத் தண்ணிதான். உப்புக் கரைச்சால் அப்பிடித்தான் குளிரும்" என்றேன். உண்மைதான். யூரியாவைத் தண்ணீரில் போட்டால் வாளியே சில்லிட்டுப்போகும்.

அக்கா மற்றக் கையையும் உள்ளே விட்டார். முகம் மலர்ந்துவிட்டது. எனக்கு அந்த மலர்ச்சி இப்போதும் கண்ணுக்குள் நிற்கிறது.

"பயிர் இவ்வளவு செழிப்பாய் நிக்குது, தண்ணியும் இப்பிடிக் குளிருது. மாட்டுக்கு வைக்கலாமோ தங்கச்சி? குளிர்ச்சிதானே?"

ஓவசியர் சாக்குக் கொடுத்த அன்றே சொல்லியிருந்தார், மாடு கன்று இதில் வாய் வைக்கக்கூடாது, வைத்தால் செத்துப்போகும் என்று. ஒருமுறை அல்ல, இருமுறை சொன்னார். பழைய ஊர்ச்சனம் அந்தக் கூட்டத்துக்கு வரவில்லை, அவர்களுக்குச் சாக்கும் இல்லை. நான் முன்வரிசையில் இருந்து கேட்டவள்.

என் பின்னால் அந்த மொட்டையடித்த இடம் கிடந்தது. அன்று விடிய அதைப் பார்த்துவிட்டுத்தான் வந்து இருந்தேன்.

"ஓம். நல்ல குளிர்ச்சி" என்றேன்.

"எவ்வளவு வைக்கிறது?"

"ரெண்டு பேணி வையுங்கோ." நானே புதுச் சாக்கைப் பிரித்து அளந்து, அவருடைய சீலைத் தலைப்பில் கொட்டினேன்.

மாட்டுக்குக் கொஞ்சம் வயிற்றாலடிக்கும், நாலு நாள் எழும்பாமல் கிடக்கும், அதற்குள் பயிர் கதிர் தள்ளும் குடலைப் பருவத்துக்கு வந்துவிடும் என்றுதான் நினைத்தேன் என்று பல வருடம் எனக்கே சொல்லிக்கொண்டு திரிந்தேன். பச்சைப் பொய். அந்த நேரத்தில் நான் ஒன்றுமே நினைக்கவில்லை. எரிச்சல் அளந்தது, கை கொட்டியது. அக்கா தலைப்பை முடிந்துகொண்டு, "உங்களுக்குப் பெரிய புண்ணியம்" என்று சொல்லிவிட்டுத் திரும்பப் புல்லுப் பிடுங்கக் குனிந்தார். வேலை நேரம் முடியும்வரை அவர் வீட்டுக்கு ஓடவில்லை. தடுக்க எனக்கு நாள் முழுக்க இருந்தது.

அடுத்த நாள் விடிய, வெறுவயிற்றில் நின்ற மாட்டுக்கு அதைக் கழுநீரிலும் தவிட்டிலும் கலந்து வைத்திருக்கிறார். பசித்த மாடு வாளியை நக்கித் துடைத்திருக்கிறது. அரைமணித்தியாலம் ஆகியிருக்காது, அக்காவின் குரல் கேட்டது. நான் போனபோது பசு நான்கு காலையும் அகட்டிக்கொண்டு நின்று உதறியது. தோலுக்குக் கீழே தசையெல்லாம் துடித்தது. பல்லை நறநறவென்று கடித்தது. வாயால் நுரை கொட்டியது. இடது பக்க வயிறு ஊதிக்கொண்டே வந்தது. பிறகு முன்காலில் மடிந்து விழுந்து, கத்தியது. மாடு அப்படிக் கத்தும் என்று எனக்கு அதுவரை தெரியாது.

அயல் ஆட்கள் ஓடிவந்தார்கள். வயிற்றுப் பொருமல் என்றார்கள். பொருமலுக்கு அங்கே தெரிந்த வைத்தியம் சூடு. இரும்புக் கம்பியை நெருப்பில் பழுக்க வைத்து, ஊதிப்போன விலாவில் இழுத்தார்கள். மயிர் கருகி மணத்தது. மாடு எழும்பவில்லை, கண்ணை மட்டும் உருட்டியது. இன்னொரு தரம் இழுத்தார்கள். அக்கா அதன் தலையை மடியில் வைத்துக்கொண்டு, "குளிர்ச்சிதானே வைச்சனான், குளிர்ச்சிதானே வைச்சனான்" என்று அதனிடமே சொல்லிக்கொண்டிருந்தார். நான் நின்று பார்த்தேன். என்ன வைத்தீர்கள் என்று யாரோ கேட்டபோது அக்கா தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். நான் மாட்டைப் பார்த்தேன்.

செத்து ஒரு மணித்தியாலத்துக்குள் ஓவசியர் சைக்கிளில் வந்தார். குனிந்து மாட்டின் வாயை மணந்ததுமே முகத்தைச் சுளித்தார். "இது யூரியா. புளியைக் கரைச்சு வாளி வாளியாய்ப் பருக்கியிருந்தால் சிலவேளை தப்பியிருக்கும். நீங்கள் சூடு வைச்சிருக்கிறியள்." என் குசினியில் ஒரு பானை நிறையப் பழம்புளி இருந்தது. கூப்பிடு தூரம்கூட இல்லை.

"ஆரின்ரை சாக்கிலையிருந்து வந்தது?" என்று கேட்டார். எல்லோரும் என் பக்கமும், சத்தம் கேட்டு வந்து நின்ற கணவர் பக்கமும் திரும்பினார்கள். கணவர் வேலியடியில் நின்று கத்தியதை அவர்கள் எல்லோரும் கேட்டவர்கள்தானே. மாட்டுக்கு நஞ்சு வைத்தான் என்று ஒரு முறைப்பாடு போனால் காணியும் போய்விடும், பொலிசும் வரும். கணவருக்கு உண்மையாகவே ஒன்றும் தெரியாது. என்னைத் திரும்பிப் பார்த்து, "நீர் குடுத்தனீரோ?" என்றார்.

"நான் குடுக்கேல்லை" என்றேன்.

அக்கா மாட்டின் தலையை மெதுவாக நிலத்தில் வைத்தார்.

"நான்தான் எடுத்தனான்" என்றார்.

"கேட்டு எடுத்தனீங்களோ?" என்றார் ஓவசியர்.

"கேக்கேல்லை. அவையள் பாக்காத நேரம் எடுத்தனான்."

கூட்டத்தில் ஒருவன் மூக்கால் சிரித்தான். "உப்புக்கள்ளி" என்றான். அவ்வளவுதான், பெயர் வைத்தாயிற்று. அன்று பின்னேரத்துக்குள் வாய்க்கால் முழுக்க அந்தப் பெயர் போய்விட்டது.

மாட்டைப் புதைத்த பிறகு வேலியடியில் நின்று அவரிடம் கேட்டேன், ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று. அதைக் கேட்கவும் எனக்கு ஒரு முகம் இருந்தது பாருங்கள்.

"வேறை என்னத்தைச் சொல்லுறது தங்கச்சி? நீங்கள் இல்லையெண்டிட்டியள். உங்களைப் பகைச்சுக்கொண்டு நாளைக்கு நான் ஆரின்ரை வயலிலை புல்லுப் பிடுங்குறது?" குரலில் கோபமே இல்லை. கோபம் இருந்திருந்தால் எனக்கு எவ்வளவு சுகமாயிருந்திருக்கும். பிறகு வேலிக் கம்பைப் பிடித்துக்கொண்டு கேட்டார், "குளிர்ச்சி எண்டு நீங்களும் நம்பித்தானே சொன்னனீங்கள்?"

"ஓம்" என்றேன்.

"அது காணும்" என்றார் அக்கா.

பல வருடங்களுக்குப் பிறகு மகள் பள்ளிக்கூடத்து விஞ்ஞானப் புத்தகத்தை உரத்து வாசித்துப் பாடமாக்கினாள். காற்றில் பெரும்பகுதி நைதரசன், ஆனால் பயிர் அதை நேரே எடுக்க முடியாது. யூரியாவில் உள்ளது அந்த நைதரசன்தான். மாட்டுச் சலத்திலும் உள்ளது அதே யூரியாதான். நான் அரிவாளை வைத்துவிட்டு, "திருப்பி வாசி" என்றேன். திருப்பி வாசித்தாள். அந்தச் சிவலை எங்கள் வயலில் பட்டி கிடந்து இரண்டு வருடம் சும்மா தந்த சாமானைத்தான் நான் சாக்கிலிருந்து அளந்து அதன் வாய்க்கு அனுப்பியிருக்கிறேன். புத்தகம் எழுதினவருக்கு இதெல்லாம் ஒரு பரீட்சைக் கேள்வி.

பால் விசயத்துக்கு வருகிறேன். அக்கா இடிந்துபோய் இருக்கவில்லை. ஊரின் மறுகோடியில் எருமை வைத்திருந்த ஒரு வீட்டுக்குப் போய்க் காலில் விழாக்குறையாகக் கேட்டு, நாளாந்தம் காலையில் ஒரு போத்தல் பால் தருவதாக ஒப்புக்கொள்ள வைத்தார். அதற்கு அந்த வீட்டு நெல்லை அவர் குற்றிக்கொடுக்கவேண்டும். விடியுமுன் போய்க் குற்றிவிட்டு, பாலைக் கொண்டுவந்து பிள்ளைக்குத் தண்ணீர் கலந்து காய்ச்சிக் கொடுத்துவிட்டு, எங்கள் வயலுக்கு வருவார். பிள்ளை வாடவில்லை. எனக்கும் நெஞ்சில் ஒரு பாரம் குறைந்தது, இனி எல்லாம் சரி என்று.

ஒரு கிழமையில், மாடு செத்த செய்தி கேட்டு, மருமகனின் தமக்கை அந்த ஓமந்தைக்காரி பஸ்ஸால் வந்து இறங்கினாள். நான் அப்போது அக்காவின் முற்றத்தில் நின்றேன், ஓலைக் கடகம் திருப்பிக் கொடுக்கப் போனவள். அவள் பிள்ளையைத் தூக்கிப் பார்த்தாள். பால் போத்தலைப் பார்த்தாள். குறை சொல்ல ஒன்றும் அகப்படவில்லை.

"பாலுக்கு வழி பண்ணியிருக்கிறியள், சரி" என்றாள். "ஆனால் பஸ்ஸாலை இறங்கினவுடனை கடையடியிலை என்ன கதைக்கினம் தெரியுமே? உப்புக்கள்ளியின்ரை வீட்டுக்கோ போறியள் எண்டு கேக்கினம். கள்ளி எண்டு பேரெடுத்த வீட்டிலை எங்கட பிள்ளையை எப்பிடி விடுறது?"

அக்கா பிள்ளையைத் திரும்ப வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டார். ஓமந்தைக்காரி என் பக்கம் திரும்பினாள். கெட்டவள் இல்லை அவள். நியாயமாகத்தான் கேட்டாள்.

"நீங்கள்தானே அந்தக் காணிக்காரி? நீங்களே சொல்லுங்கோ. இவா மெய்யாய் உங்கட சாக்கிலை களவெடுத்தவாவோ? இல்லையெண்டு நீங்கள் ஒரு சொல்லுச் சொன்னால் நான் பிள்ளையை விட்டிட்டுப் போறன்."

அக்கா என்னைப் பார்த்தார். கெஞ்சவில்லை, பார்த்தார். பிள்ளை அவருடைய சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தது. ஒரு சொல். இல்லை என்ற சொல். ஆனால் களவெடுக்கவில்லை என்றால் யார் கொடுத்தது என்பதுதான் அடுத்த கேள்வி. காணி, பொலிஸ், கணவர், எல்லாம் அந்த ஒரு கணத்தில் என் தலைக்குள் வரிசையாக வந்து நின்றன.

"நடந்தது நடந்துபோச்சு" என்றேன். "நாங்கள் அதைப் பெரிசாய் எடுக்கேல்லை."

"உங்களுக்கு நல்ல மனசு" என்றாள் ஓமந்தைக்காரி.

பிள்ளையின் துணிகளை அக்காவே மடித்து ஒரு பன்பைக்குள் வைத்துக் கொடுத்தார். பஸ் ஏறும் இடம்வரை தானே தூக்கிக்கொண்டு போனார். நான் வீட்டுக்கு வந்து உலை வைத்தேன்.

அடுத்த நாள் காலை வழக்கமான நேரத்துக்கு வேலைக்கு வந்தார். கையில் ஒரு போத்தல் பால். பிள்ளை போனது தெரியாமல் எருமைக்கார வீட்டில் அன்றும் கறந்து வைத்திருந்தார்களாம், இவரும் வழக்கம்போல நெல்லுக் குற்றிவிட்டு வாங்கி வந்துவிட்டார்.

"உங்கட பிள்ளைக்குக் காய்ச்சிக் குடுங்கோ தங்கச்சி" என்று நீட்டினார். "சும்மா பழுதாய்ப் போகப்போகுது."

நான் வாங்கினேன். காய்ச்சினேன். என் மகள் மிச்சம் விடாமல் குடித்தாள்.